மயில் காவடியைத் தின்ற பச்சைத் துணி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நாலாம் வகுப்பு வாத்தியார் முகம்கூட எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவன் பொதட்டூர்பேட்டையில் கூலிக்கு நூல் தார் சுற்றினேன், கூலிக்கு நெய்தேன், உடைசலாகக் கிடந்த ஒரு விசைத்தறியை வாங்கி நானே பூட்டி ஓட்டினேன். இன்றைக்கு ஒரு கொட்டகை நிறையத் தறி ஓடுகிறது. மழைத் தண்ணீர் நிற்கும் பள்ளம், இங்கே கட்டடம் நிற்காது என்று படித்தவர்கள் சொன்ன இடத்தில் திருத்தணியில் கல்யாண மண்டபம் கட்டினேன். இரண்டு பெண்களைக் காலேஜ் வரைக்கும் அனுப்பினேன். தண்ணீர் கிடைக்காது என்று சொன்ன மண்ணில் போர் போட்டு, பக்கத்துத் தெருவுக்கும் தண்ணீர் விட்டேன்.

இதெல்லாம் இந்தத் தொடரில் முன்பே எழுதியாயிற்று. மண்டபத்துக்குக் கூரை போட்ட கதையைப் படித்துவிட்டு ஆம்பூரிலிருந்து ஒருவர் பாராட்டிப் பேசினார். சந்தோஷம். ஆனால் என்னைக் கேட்டால், நான் சாதித்ததில் பெரியது அதெல்லாம் இல்லை.

முழங்கால் ஆபரேஷன் செய்த ஒரு மனிதரை, தரையில் நின்ற இடத்திலேயே நிற்க வைத்து, திருத்தணி மலைப்படி முழுக்க ஏற்றினேன். காவடியோடு ஏற்றினேன். என் கையில் இருந்தது ஒரு போன்.

தட்டைத் தள்ளிய பாவா

பாவா என்றால் என் அக்கா தேவகியின் வீட்டுக்காரர். முனிரத்தினம் என்று பெயர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். மீசை முளைத்த காலத்திலிருந்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறார். மயில் காவடி. தோகையெல்லாம் அவரே தேர்ந்தெடுத்துக் கட்டியது. அதை வேறு யாரும் தொட்டால் முகம் மாறிவிடும்.

இந்த வருஷம் ஆனி மாசம் அவருக்கு முட்டி மாற்றினார்கள். ஒரு வருஷத்துக்குப் படி ஏறக் கூடாது, மீறி ஏறினால் வைத்த முட்டி ஆட்டம் கொடுத்துவிடும், திரும்ப அறுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது பாவா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். முன்னால் ரசம் சாதம் ஆறிக் கிடந்தது. கண் சுவரில் மாட்டியிருந்த காவடி மேல் இருந்தது.

"கார்ல போலாம் பாவா. மேல வரைக்கும் ரோடு கீது," என்றேன்.

"காவடிய இன்னா பண்ணுவ? டிக்கில வச்சுகினு போவியா?" என்று தட்டைத் தள்ளினார்.

அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். காலையில் அவள் பால் வாங்கப் போகிற நேரம் பார்த்து மனிதர் தடி இல்லாமல் சுவரைப் பிடித்து நடந்து பழகுகிறாராம். இரண்டு தடவை பார்த்துவிட்டாளாம்.

"கிருத்திகை அன்னிக்கு யாருக்கும் சொல்லாம ஏறிடுவாருடா," என்றாள். "எனக்கு இவர தெரியும்."

என் அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கும் அழவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாக்குக் கொடுத்தேன்

எனக்கு அப்போது சுஜாதா ஞாபகம் வந்தது. நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். என்னை நைனா என்று அப்பா முறை வைத்துத்தான் கூப்பிடும். அடிவாரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறது. என் மண்டபத்தில் நடக்கும் கல்யாணம் பாதிக்கு அதுதான் வீடியோ. ஒரு தடவை பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் பச்சைத் துணியைக் கட்டி மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்து எடுத்தது. ஆல்பத்தில் பார்த்தால் இரண்டு பேரும் பனிமலை மேல் நிற்கிறார்கள். என் மண்டபத்துச் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் பனிமலை.

நேராகப் பாவா முன்னால் போய் நின்றேன். நீங்கள் இங்கே நின்று காவடி ஆடுங்கள், நான் மலையைக் கொண்டுவந்து பின்னால் வைக்கிறேன், படி ஏறுகிற மாதிரியே இருக்கும் என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் கோபப்படவில்லை.

"கார்ல போனா அது சாமிய ஏமாத்தறது," என்றார். "இதுல நான் ஆடறது நெஜம். மலை நெஜம். நடுவுல ஒரு தையல், அவ்ளோதான?"

"அவ்ளோதான் பாவா."

"கிருத்திகை அன்னிக்குக் காலையில நான் பாக்கணும். என் மனசு ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா நானே போயிடுவேன் மச்சான். அப்ப எவனும் குறுக்க நிக்கக் கூடாது."

சரி என்று கை அடித்தேன். எனக்கு வீடியோ எடுக்கவும் தெரியாது, வெட்டி ஒட்டவும் தெரியாது. சுஜாதாவிடம் கொடுத்தால் முடித்துவிடும் என்று நினைத்துத்தான் அடித்தேன்.

திட்டு வாங்கிக் கற்ற வித்தை

சுஜாதா கை விரித்துவிட்டது. ஆடி மாசம் அடிவாரத்தில் மொட்டை அடித்த தலையெல்லாம் அதன் ஸ்டூடியோவுக்குத்தான் வருகிறது. "எனக்குச் சாப்பிடவே நேரம் இல்ல நைனா. நீங்களே கத்துக்கோங்க. நான் பக்கத்துல இருந்து திட்டறேன்," என்றது.

அப்படியே செய்தது. அதில் குறை சொல்ல முடியாது.

முதல் நாள் நான் எடுத்த வீடியோ முழுக்க என் கட்டைவிரல். இரண்டாம் நாள் விரலைத் தள்ளி வைத்தேன். ஆனால் பொத்தானை ஒரு அமுக்கு அதிகமாக அமுக்கிவிட்டேன் போல. எடுக்கிறேன் என்று நான் நினைத்தபோது போன் தூங்கியது, நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக் கையை வீசி நடந்தபோது விழித்துக்கொண்டது. ஒரு காலை முழுக்க என் வேட்டியும் தார் ரோடும் ஆடி ஆடிப் போகிறது. சுஜாதா அதைக் கடைசி வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வேட்டி நல்லா நடிச்சிருக்குது நைனா," என்றது.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது திருவிழாவில் ஒரு ஸ்டூடியோக்காரர் பலகையில் ஏரோப்ளேன் வரைந்து, ஜன்னல் இருக்கிற இடத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். அப்பா என்னைத் தூக்கி அந்த ஓட்டையில் முகத்தை வைத்தார். போட்டோ எடுத்ததும் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கவில்லை. ஏரோப்ளேன் இன்னும் கிளம்பவே இல்லையே என்று அழுதேன். அந்தப் போட்டோவில் நான் அழுத முகத்தோடு பறக்கிறேன்.

ஆகவே இந்த வித்தை எனக்குப் புதிது என்று யாரும் சொல்லக் கூடாது. அன்றைக்கு ஓட்டை. இன்றைக்குப் பச்சைத் துணி. ஆளுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் துணி இருந்தால், போனில் இருக்கிற ஆப் அந்த நிறத்தை மட்டும் பிடுங்கி எறிந்துவிடும். எறிந்த இடத்தில் நாம் மலையை வைக்கலாம், கடலை வைக்கலாம். ஸ்டூடியோக்காரர்கள் இதைக் குரோமா என்கிறார்கள்.

நான் நெய்த பச்சை

சுஜாதா தன்னிடம் இருந்த துணியைத் தருகிறேன் என்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தறி வைத்திருக்கிறவன் துணியை இரவல் வாங்குவதா?

பொதட்டூர்பேட்டைக்குப் போய் நானே நின்று நெய்ய வைத்தேன். நல்ல பச்சையாக இருக்க வேண்டும் என்று நீளப் போகிற பச்சைப் பாவில் குறுக்கே மஞ்சள் ஊடை விட்டேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கிளிப்பச்சை, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மாம்பழம். எங்கள் ஊரில் இதற்குத்தான் மதிப்பு. கரையும் போட்டேன். கரை இல்லாத துணி என் தறியிலிருந்து இறங்கியதே இல்லை. அரக்குக் கரை, நாலு விரல் அகலம்.

ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி. பந்தி ஹாலில் துணியைக் கட்டினேன். சுஜாதா வந்து பார்த்தது. ஒரு பக்கம் நடந்து பார்த்தது, மறு பக்கம் நடந்து பார்த்தது. துணி பச்சையாகி, மாம்பழமாகி, மறுபடி பச்சையாயிற்று.

"நைனா, இது புடவை," என்றது. "நிச்சயத்துக்கு எடுத்து வைங்க. எனக்கு ஒரே பச்சை வேணும். செத்த பச்சை."

ஆப்பில் போட்டுக் காட்டியது. பாதித் துணி மறைந்தது, பாதி மறையாமல் நின்றது. மலைக்கு நடுவில் மாம்பழக் கலரில் திட்டுத் திட்டாக மேகம். வானத்தில் அரக்குக் கரை ஒன்று ரயில் தண்டவாளம் மாதிரி ஓடியது.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக மினுமினுப்பு இல்லாமல், கரை இல்லாமல், பாவும் ஊடையும் ஒரே பச்சையில் ஒரு துணி நெய்தேன். நெய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முதலாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

வாங்கிக்கொள்ளாத சாமி

அந்தச் செத்த பச்சைக்கு முன்னால் பாவாவை நிறுத்தினோம். குளித்து, விபூதி பூசி, மஞ்சள் வேட்டியில் வந்தார். காவடியைத் தோளில் வைத்ததும் மனிதருக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. கால் நகரக் கூடாது, இடுப்புக்கு மேலே மட்டும் ஆடினால் போதும் என்று சொல்லியிருந்தேன். போனில் பம்பைச் சத்தம் போட்டோம். ஆடினார் பாருங்கள். அக்கா பக்கத்திலேயே நாற்காலியோடு நின்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து, நானே ஆப்பைத் திறந்து, பச்சையைத் தொட்டு எடுத்து, கோபுரத்தைப் பின்னால் வைத்தேன். நானே செய்தேன். பெருமையோடு போனைப் பாவா கையில் கொடுத்தேன்.

காவடியைக் காணோம்.

மூங்கில் வளைவு இருக்கிறது, மணி இருக்கிறது, சிவப்புத் துணி இருக்கிறது. தோகை ஒன்றுகூட இல்லை. பச்சை என்று நினைத்து ஆப் மயிலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. தோகை இருந்த இடமெல்லாம் ஓட்டை, ஓட்டை வழியாகக் கோபுரம் தெரிந்தது.

ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் பச்சைத் துணி கட்டுகிற சுஜாதாவுக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மயில் காவடியைக் கொண்டுபோய்ப் பச்சைத் துணி முன்னால் நிறுத்தியிருக்கிறோம்.

பாவா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் குடுத்தேன்," என்றார். "அவன் வாங்கிக்கல."

இது மிஷினு பண்ற வேலை, சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அக்காவிடம் திரும்பி, அந்த மஞ்சள் வேட்டியை நன்றாக அலசிக் காயப்போடு, கிருத்திகைக்கு வேண்டும் என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். கிருத்திகைக்குச் சில நாள்தான் இருந்தது.

பஸ்ஸில் ஒரு தோகை

மறுநாள் காவடியிலிருந்து உதிர்ந்த ஒரு தோகையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர், "இன்னா பெரியவரே, சாமியே பஸ்ல வந்துகினு கீதா?" என்று கேட்டார். ஆங் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொட்டகையில் நூல் அடுக்கி வைத்த இடத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு கலரோடும் தோகையை வைத்துப் பார்த்தேன். பச்சை ஆகாது. நீலம் வைக்கலாம் என்று சுஜாதா சொல்லியிருந்தது, ஆனால் தோகைக் கண்ணில் நீலம் இருக்கிறதே. மஞ்சள், வேட்டியில் இருக்கிறது. சிவப்பு, காவடித் துணியில். வெள்ளை, விபூதியில். கறுப்பு வைத்தால் பாவாவின் மீசை போய்விடும். அதற்கு அவர் மலை ஏறாமலே இருக்கலாம்.

மிச்சம் ஒரு கலர். ராணிக் கலர் என்று எங்கள் பக்கம் சொல்லும் அடர்ந்த ரோஸ். தோகையில் இல்லை, தோலில் இல்லை, வேட்டியில் இல்லை.

சுஜாதாவுக்குப் போன் போட்டேன். "பச்சைதான் வைக்கணும்னு சட்டமா?" என்றேன்.

"ரோஸ் எவனும் வெச்சதில்ல நைனா."

"வெச்சா இன்னா ஆவும்?"

கடையில் யாரையோ சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வந்து, "ஆப்புக்குக் கலர் பேரு தெரியாது. நாம தொட்டத எடுக்கும்," என்றது. "வெச்சுப் பாருங்க."

ஆடி விற்பனைக்காக ராணிக் கலர் புடவை ஒன்று தறியில் பாதி ஓடியிருந்தது. முந்தானைக்கு வருவதற்குள் தறியை நிறுத்தி, துணியை அறுத்து எடுத்தேன். நெய்கிறவர்களுக்கு இப்போது சந்தேகமே இல்லை. எனக்கு ஆகித்தான் விட்டது.

வாய்க்குள் படிக்கட்டு

துணியை இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுப் போட்டு, கரையை உள்ளே மடித்துப் பந்தி ஹாலில் கட்டினேன். அக்கா உள்ளே வந்ததும் நின்றுவிட்டாள். "இன்னாடா இது, எந்தப் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி?" என்றாள்.

பாவாவைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தேன். வெறும் ஒத்திகைதான், ஒரே தடவை என்றேன். மனசே இல்லாமல் நின்றார். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாக "அரோகரா" என்றார்.

ஆப்பில் போட்டேன். ரோஸைத் தொட்டேன். துணி போய், ஒத்திகைக்கு வைத்த மலைப்படிப் படம் வந்தது. தோகை ஒவ்வொன்றும் நின்றது. கண் கண்ணாக, மயிர் மயிராக. சுஜாதா கடையை விட்டுவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது படத்தில் பாவா "அரோகரா" என்று வாயைத் திறந்தார். வாய்க்குள் நாக்கைக் காணோம். படிக்கட்டு தெரிந்தது.

மனிதர் வெற்றிலை போட்டிருந்தார். வெற்றிலைச் சிவப்பையும் ராணிக் கலர் என்று ஆப் பிடுங்கிவிட்டது. ஒவ்வொரு அரோகராவுக்கும் வாய்க்குள் மலை வந்து வந்து போயிற்று. சுஜாதா சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவா போனை வாங்கிப் பார்த்தார். "ஏ தேவகி, என் வாய்க்குள்ள இன்னாடி மலை கீது?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். காவடி மணியெல்லாம் சேர்ந்து குலுங்கியது.

அக்கா வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். வாய் கொப்பளித்து, பல் விளக்கி, காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னல் ஓரம் நின்று, பாவா மறுபடி ஆடினார். இந்தத் தடவை மனசோடு ஆடினார். ஜன்னல் ஓரம் நிறுத்தியது என் யோசனை. மலையில் வெயில் ஒரு பக்கமும் ஆள் மேல் வெயில் இன்னொரு பக்கமும் விழுந்தால் ஒட்ட வைத்தது தெரிந்துவிடும் என்று நானே கண்டுபிடித்தேன்.

நான் ஏறிய படி

இனி மலை வேண்டும். யாரோ எடுத்த மலை எனக்கு வேண்டாம். விடிந்ததும் நானே போனேன். நடுவில் நின்றால் படம் குதிக்கும், உட்கார்ந்தால் தெரியும், ஒரே ஓட்டமாக ஏற வேண்டும் என்று சுஜாதா சொல்லியிருந்தது. முழங்கையை மார்போடு ஒட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கல் இன்னும் சூடாகவில்லை. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போன ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, போனைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டது. கற்பூர வாசனை மூக்கை அடைத்தது. பாதி மலையில் நெஞ்சு அடித்தது. நிற்கவில்லை.

வெட்டி ஒட்டுவதில் மீதி நாள் போயிற்று. பாவா இடது பக்கம் ஆடும்போது படி வலது பக்கம் போனால் ஆள் தண்ணி போட்டவர் மாதிரி தெரிந்தார். பம்பை அடியைக் கேட்டுக் கேட்டு, அடிக்கு ஒரு படி என்று சேர்த்தேன். தறிச் சத்தத்திலேயே இழை அறுந்ததைக் கண்டுபிடிக்கிற காது இது. அது இங்கே உதவியது.

கிருத்திகைக் காலை

அக்கா வீட்டு டிவியில் போட்டோம். பாவா மஞ்சள் வேட்டி கட்டி, காவடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன, பம்பைச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. தடி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அக்கா வாசற்படியை மறித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. படி வந்தது. பாவா ஏறினார்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது. மலையில் எடுத்த சத்தத்தை அணைக்க மறந்திருக்கிறேன். பம்பைக்கு அடியில் ஒரு கிழவன் மூச்சு வாங்குகிறான். புஸ் புஸ் என்று, படிக்குப் படி. போனை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பாவாவைக் காட்டினாள்.

பாவா அந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நெற்றியில் வேர்வை. கோபுரம் வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். படம் முடிந்தது. அவர் மனசு ஒத்துக்கொண்டதா இல்லையா என்று தெரியாமல் நான் தடியைப் பார்த்தேன்.

"தேவகி," என்றார். "கால் வலிக்குது. தைலம் எடுத்தா."

அக்கா எழுந்து ஓடினாள். உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, அதோடு அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. நான் தடியை எடுத்து மூலையில் சாத்தினேன்.

என் பேர் எங்கே

அந்த வீடியோ இப்போது ஊரெல்லாம் போனில் சுற்றுகிறது. பாவாவைத் தேடி வந்து பேசுகிறார்கள். ஆபரேஷன் பண்ணிய காலோடு இப்படி மூச்சு வாங்க ஏறியிருக்கிறீர்களே என்று ஒருவர் கும்பிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பாவா, "ஆங், ஏறினேன். கடைசியில கொஞ்சம் செங்குத்து," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

படத்தின் கடைசியில் சுஜாதா வரிசையாக எல்லார் பேரும் போட்டிருக்கிறது. காவடி, முனிரத்தினம். மாலை கட்டியது, தேவகி. ஸ்டூடியோ பேர் கொட்டை எழுத்தில். என் பேர் இல்லை. கேட்டதற்கு, "நீங்க வீட்டு ஆளு நைனா, உங்களுக்கு எதுக்குப் பேரு?" என்கிறது.

கல்யாண மண்டபத்தில் என் பேர் கல்லில் இருக்கிறது. தறிக் கொட்டகை வாசலில் தகரத்தில் இருக்கிறது. இதில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது? சுஜாதா திரும்ப ஏற்றும்போது, "படப்பிடிப்பு, எடிட்டிங், ராணிக் கலர் துணி: கோதண்டம்" என்று போட வேண்டும். முதலிலேயே போட வேண்டும், கடைசியில் யாரும் பார்ப்பதில்லை.

பாவா, நீங்கள் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். மலை ஏறினேன் என்று நீங்கள் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏறினீர்கள், நான் பார்த்தேன். ஆனால் அதில் வாங்குகிற மூச்சு என்னுடையது. இனிமேல் யாராவது வந்து கேட்டால், மூச்சு மச்சானுடையது என்று என் முன்னாலேயே சொல்ல வேண்டும்.